கொடுத்தாங்களா, வித்தாங்களா?

போன வருடம் செமஸ்டர் விடுமுறை. நிபோங் தெபால் வளாகத்தில் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு, கொமுட்டர் ரயில் ஏறி, புக்கிட் மெர்தாஜாமில் மாறி, தாசேக் கெலுகோர் ஸ்டேஷனில் இறங்கினேன். வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைப்பதற்குள் சின்னம்மா அடுப்படியிலிருந்து வேகமாக வந்தார்.

"தம்பி, நாளைக்கு ராத்திரி கார் ஓட்டுவியா? சித்தப்பாவுக்கு ராத்திரியில கண்ணு சரியாத் தெரியாது. ஒரு புள்ளையக் கூட்டிட்டு வரணும்."

"யாரு புள்ள?"

சின்னம்மா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது. "நம்ம புள்ளைதான்டா" என்றார்.

அவருக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம். பார்க்காத டாக்டர் இல்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறார். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு தொலைபேசி எண் கிடைத்திருக்கிறது. அழைத்தால் ஒரு பெண் பேசினாராம். பெண் குழந்தை, பிறந்து ஐந்து நாள், நல்ல ஆரோக்கியம். 'மருத்துவச் செலவு' பதினெட்டாயிரம் வெள்ளி. "சர்ட்டிபிகேட்ல நேரா உங்க பேரே வரும். யாருக்கும் தெரியாது. புள்ளைக்கே தெரியாது" என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே சரி என்றேன். ஒரு குழந்தைக்கு வீடு கிடைக்கப்போகிறது, பதினொரு வருட வேதனை தீரப்போகிறது, அந்தக் காரை ஓட்டப்போவது நான். இதைவிடப் பெரிய புண்ணியம் என்ன இருக்கிறது? கார் டயருக்குக் காற்று அடிக்கக்கூடக் கிளம்பிவிட்டேன்.

முதல் எதிர்ப்பு மாமாவிடமிருந்து வந்தது. "யாரு பெத்த புள்ளையோ, என்ன ஜாதியோ, என்ன ரத்தமோ. இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார்.

ஹாலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி தலையைத் தூக்காமலே கேட்டார். "உங்கம்மா யாரு பெத்த புள்ளன்னு உனக்குத் தெரியுமாடா?"

மாமா வாயை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் பாட்டி சின்னம்மா பக்கம் என்று நினைத்தோம். ஆனால் பாட்டி திரும்பிச் சின்னம்மாவிடமும் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் புள்ளையோட அம்மாவ நீ பாத்தியா?"

"இல்லம்மா. யாரோ வெளிநாட்டு வேலைக்காரப் பொண்ணாம்."

"அவ கொடுக்குறாளா, விக்கிறாளா? இல்ல, அவளுக்கே தெரியாம எடுக்குறாங்களா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் உங்கள் முன் வைக்கிறேன் நண்பர்களே. தத்து எடுப்பது தர்மம் என்று நமக்குத் தெரியும். எப்படி எடுத்தாலும் அது தர்மம் ஆகிவிடுமா?

பாட்டியின் பத்து வெள்ளி

எங்கள் பாட்டியைப் பார்த்தால் சீனர். வாயைத் திறந்தால் அசல் தோட்டத்துத் தமிழ். கோயிலில் புதிதாக வருகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டி மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டு, பிரசாத வரிசையில் அவர்களை முந்திப் போய்விடுவார்.

இது எங்கள் வீட்டு அதிசயம் மட்டும் இல்லை. மலாயாவில் அந்தக் காலத்தில் எத்தனையோ சீனக் குடும்பங்கள் வறுமையாலும், ஆண் பிள்ளை வேண்டும் என்ற ஆசையாலும் பெண் குழந்தைகளை இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கொடுத்திருக்கின்றன. உங்கள் சொந்தத்திலேயே அப்படி ஒரு பாட்டியோ பெரியம்மாவோ இருக்கலாம். சேலை கட்டி, பொட்டு வைத்து, பொங்கல் வைத்து, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் திட்டும் அந்தப் பெண்களிடம் நாம் அதிகம் கேட்பதில்லை.

பாட்டி பிறந்தது 1950. சீனர் கணக்கில் அது புலி வருடம். புலி வருடத்தில் பெண் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர்களிடையே ஒரு நம்பிக்கை. அதே ஆண்டில்தான், அவசரகாலச் சட்டத்தின் நடுவே, பிரிக்ஸ் திட்டம் தொடங்கியது. காட்டோரத்தில் காய்கறி போட்டுப் பிழைத்த சீனக் குடும்பங்களை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். நாடு முழுக்க ஏறக்குறைய 5 லட்சம் பேர் அப்படி இடம் மாற்றப்பட்டார்கள். இருந்த குடிசையும் போய், கையில் நாலைந்து பிள்ளைகளோடு நின்ற ஒரு தாய்க்குப் புலி வருடத்தில் இன்னொரு பெண் குழந்தை.

அந்தத் தாய் சைக்கிளில் லயத்துக்குக் கீரை கொண்டுவந்து விற்பவர். எங்கள் கொள்ளுப்பாட்டி பால்மரம் வெட்டுகிறவர். இரண்டு குழந்தைகள் பிறந்ததும் இறந்துபோய், மூன்றாவது வராமல் இருந்தவர். ஒருநாள் காலை கீரைக்கூடையோடு குழந்தையும் வந்தது. கொள்ளுப்பாட்டி குழந்தையை வாங்கிக்கொண்டு பத்து வெள்ளியும் அரைமூட்டை அரிசியும் கொடுத்தாராம். அதற்கு அவர் வைத்த பெயர் 'பால் காசு'. ஒரு மாதம் பால் கொடுத்த தாய்க்கு மரியாதை.

அதன்பிறகு சில மாதங்கள் அந்தத் தாய் சைக்கிளை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டுத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போவாராம். பிறகு வரவில்லை. எந்தக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரியாது. பெயரும் தெரியாது.

பாட்டிக்கு இப்போது எழுபத்தைந்து வயது. இன்றைக்கும் அவர் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தால் அந்தக் கேள்வி வரும். "என்னைக் கொடுத்தாங்களா, வித்தாங்களா?" பத்து வெள்ளி மரியாதையா, விலையா? அவர் சண்டை போடுவதற்காகக் கேட்கவில்லை. வளர்த்த அம்மாவை அவர் தெய்வமாக நினைக்கிறார். ஆனாலும் கேட்கிறார்.

அன்றைக்கு ராத்திரி என்னிடம் ஒன்று சொன்னார். "எங்கம்மா எதையும் மறைக்கல தம்பி. பத்து வெள்ளியக்கூட மறைக்கல. கீரைக்காரி ரோட்டுல நின்னு பாத்தத அவங்கதான் எனக்குச் சொன்னாங்க. மறைச்சிருந்தா நான் அவங்கள மன்னிக்க வேண்டியிருந்திருக்கும். மறைக்கல. அதனால மன்னிக்க ஒண்ணுமே இல்ல."

நூறு பசுக்கள்

நம் சமயம் தத்துப் பிள்ளைக்குப் புதிதில்லை. கண்ணனை வளர்த்தவள் யசோதை. உழுத மண்ணில் கிடைத்த சீதையை எடுத்தவர் ஜனகர். துளசிச் செடியின் அடியில் கிடைத்த ஆண்டாளை எடுத்தவர் பெரியாழ்வார். முருகனையே ஆறு கார்த்திகைப் பெண்கள் வளர்த்தார்கள். 'யாரு பெத்த புள்ளையோ' என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் போதும்.

ஆனால் சமய வகுப்பில் நமக்கு அதிகம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. ஐதரேய பிராமணத்தில் வரும் சுனச்சேபன் கதை. வருணனுக்குப் பலியாக வேண்டிய அரசகுமாரன் ரோகிதன், தனக்குப் பதிலாக இன்னொரு பையனைத் தேடுகிறான். காட்டில் அஜீகர்த்தன் என்ற ஏழை. அவனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனைத் தகப்பன் விடவில்லை, இளையவனைத் தாய் விடவில்லை. நடுப்பிள்ளை சுனச்சேபனை நூறு பசுக்களுக்குக் கொடுக்கிறார்கள். யாகத்தில் அவனைக் கம்பத்தில் கட்ட யாரும் முன்வரவில்லை. இன்னும் நூறு பசு கொடுத்தால் நானே கட்டுகிறேன் என்கிறான் தகப்பன். வெட்ட ஆள் இல்லை. இன்னும் நூறு கொடுத்தால் அதையும் செய்கிறேன் என்கிறான்.

சுனச்சேபன் தேவர்களைத் துதிக்கிறான், கட்டுகள் அவிழ்கின்றன. அஜீகர்த்தன் வந்து மகனைத் திரும்பக் கேட்கிறான். சுனச்சேபன் போகவில்லை. விசுவாமித்திரரின் மடியில் உட்காருகிறான். அவர் அவனுக்குத் தேவராதன் என்று பெயர் வைத்து, தன் நூற்றொரு பிள்ளைகளுக்கும் மூத்தவனாக ஏற்கிறார். அதை ஒத்துக்கொள்ளாத ஐம்பது பிள்ளைகளைச் சபித்துவிடுகிறார்.

பெற்ற தகப்பனாக இருந்தும் விற்றதால் உரிமையை இழந்தவன் அஜீகர்த்தன். பெறாவிட்டாலும், எல்லார் முன்னாலும் ஏற்றதால் தகப்பன் ஆனவர் விசுவாமித்திரர். ரத்தம் இரண்டாம் பட்சம் என்று அந்தக் கதை சொல்கிறது. அதே மூச்சில், விலை பேசுவதை அது மன்னிக்கவில்லை. பழைய தர்மசாஸ்திரங்களும் பிள்ளைகளை வகை பிரிக்கும்போது 'கொடுக்கப்பட்டவன்' வேறு, 'வாங்கப்பட்டவன்' வேறு என்றுதான் எழுதுகின்றன. வசிஷ்ட தர்மசூத்திரம் ஒரே பிள்ளையைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்கிறது. அதாவது, வாங்குகிறவனுக்கும் பொறுப்பு உண்டு. கொடுக்கிறவன் வீட்டில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும்.

உகாண்டாவுக்குப் போனவர்கள்

இந்தக் கேள்வி எங்கள் வீட்டு ஹாலோடு நிற்கவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்ததில் உகாண்டா பற்றித் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவிலிருந்து பல தம்பதிகள் தத்துப் பிள்ளைகளை அழைத்துவர உகாண்டாவுக்குப் போனார்கள். நல்லவர்கள், பக்தி உள்ளவர்கள், கடன் வாங்கிப் போனவர்கள்கூட. உகாண்டாவின் அன்றைய சட்டப்படி ஒரு வெளிநாட்டவர் தத்தெடுக்க மூன்று வருடம் அங்கே தங்கியிருக்க வேண்டியிருந்தது. அதைச் சுற்றிப்போக ஒரு வழி இருந்தது. 'பாதுகாவலர்' என்று நீதிமன்ற உத்தரவு வாங்கி, குழந்தையை விமானத்தில் ஏற்றிவிடலாம். கிராமத்துத் தாய்மார்களிடம், 'பிள்ளை வெளிநாட்டில் படிக்கப் போகிறது, திரும்பி வரும்' என்று தரகர்கள் சொல்லிவைத்தார்கள். காகிதத்தில் அந்தக் குழந்தைகள் அனாதைகள்.

ஓர் அமெரிக்கத் தம்பதி 2015இல் அப்படி ஒரு சிறுமியை அழைத்துப்போனார்கள். அவள் ஆங்கிலம் பழகியதும் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அன்பான அம்மா. உயிரோடு இருக்கும் அம்மா. தங்களுக்குச் சொன்ன கதை பொய் என்று அந்தத் தம்பதிக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டே அவளைத் திரும்பத் தாயிடம் கொண்டுபோய் விட்டார்கள். அழைத்து வரப் போன அதே பாதையில் திரும்பக் கொண்டுபோய் விட எவ்வளவு மனபலம் வேண்டும்! உகாண்டா 2016இல் சட்டத்தைத் திருத்தி, அந்தப் பாதுகாவலர் வழியை வெளிநாட்டவருக்கு அடைத்தது. 2020இல் இந்த மோசடியில் பங்கிருந்ததாகச் சொல்லி உகாண்டா நீதிபதிகள் இருவர் உட்பட நான்கு பேர்மேல் அமெரிக்க அரசு தடை விதித்தது.

அது ஆப்பிரிக்கா, நமக்கென்ன என்று தோன்றலாம். சென்னையில் என்ன நடந்தது? குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் ஒரு தத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, வெளிநாட்டுக்குப் போன விவகாரத்தை 2005இல் போலீஸ் கண்டுபிடித்தது. பிள்ளையைத் தேடி வருடக்கணக்கில் தெருத்தெருவாக அலைந்த தமிழ்த் தாய்மார்கள் அவர்கள். அந்தப் பக்கத்தில் குழந்தையை ஆசையோடு வாங்கிக்கொண்டவர்களும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை.

நான் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறேன். கட்டமைப்புப் பாடத்தில் முதலில் சொல்லித்தருவது, பாரம் மறையாது என்பது. கூரையின் பாரம் உத்தரம், தூண், அடித்தளம் வழியாக மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். வரைபடத்தில் அந்தப் பாதையைக் காட்ட முடியாவிட்டால் லெக்சரர் தூக்கிப் போட்டுவிடுவார். சின்னம்மாவின் பதினொரு வருடப் பாரம் ஒரே ராத்திரியில் இறங்கிவிடும் என்றால், அது எங்கே போய் இறங்குகிறது? நாங்கள் யாருமே முகம் பார்க்காத ஒரு பெண்ணின் தலையில் இறங்கினால்?

போன தீபாவளிக்கு நம் கிளை ஒரு சிறுவர் இல்லத்துக்குப் பலகாரம் கொண்டுபோனது. பேச்சுவாக்கில் நான் 'அனாதைப் பிள்ளைகள்' என்று சொல்லிவிட்டேன். முறுக்கு தின்றுகொண்டிருந்த ஒரு பையன் திருத்தினான். "அனாதை இல்லண்ணே. அம்மா இருக்காங்க. வேல கெடச்சதும் கூட்டிட்டுப் போயிருவாங்க." 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை சொல்வதும் அந்தப் பையன் சொன்னதுதான். முதலில் பெற்ற குடும்பம் பிள்ளையை வைத்துக்கொள்ள உதவி செய். முடியாவிட்டால் சொந்த நாட்டில் ஒரு குடும்பம் தேடு. அதுவும் இல்லாவிட்டால்தான் வெளிநாடு.

அப்ப அந்தப் புள்ள?

சின்னம்மா அழுதார். அவர் கேட்டதும் நியாயம்தான். "நாம போகலன்னா அந்தப் புள்ள நல்லா இருக்குமா? வேற எவனாவது வாங்கிட்டுப் போவான். அவன் எப்படிப்பட்டவனோ! நம்ம கை சுத்தமா இருக்கணும்னு ஒரு குழந்தைய விட்டுடறதா?"

இதற்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் அந்த ராத்திரி யோசித்ததில் ஒன்று புரிந்தது. நாம் பணம் கொடுத்தால் இந்தக் குழந்தைக்கு வீடு கிடைக்கலாம். கூடவே, அடுத்த குழந்தைக்கு விலையும் கிடைக்கும். விலை கிடைக்கிற இடத்தில் சரக்குத் தேடுகிறவன் உருவாகிவிடுவான். ஏதோ ஓர் அறையில் பயந்துபோய் இருக்கிற அடுத்த பெண்ணிடம், "நீயே வளர்க்க வழி இருக்கா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தரகருக்கு நஷ்டம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பணத்துக்காகக் குழந்தையைக் கைமாற்றுவது 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி குற்றம். கொடுத்தவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் சிறை உண்டு. பெற்றவர் பெயரை மறைத்து எடுத்த பிறப்புச் சான்றிதழ் என்றைக்காவது மாட்டினால், மைகார்டு எடுக்கும் வயதில் நிற்கப்போவது அந்தப் பிள்ளைதான். முறையாக 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வாங்கினாலும், பெற்ற தாய் வெளிநாட்டவர் என்றால் குடியுரிமை தானாக வராது; தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பெற்றோர் யாரென்றே தெரியாத ஒரு தத்துக் குழந்தையை மலேசியக் குடிமகன் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அதற்காக அந்தக் குடும்பம் கீழிருந்து மேல் வரை நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. நேர்வழி இவ்வளவு கஷ்டமாக இருப்பதால்தான் குறுக்குவழி இனிக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. நேர்வழியை எளிதாக்கச் சொல்லிக் குரல் கொடுப்பதும் நம் கடமை.

கடைசியில் முடிவைச் சொன்னது சட்டம் இல்லை, பாட்டி. அவர் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அவளுக்குப் பதினெட்டு வயசாகி, 'அம்மா, நான் எப்படி வந்தேன்'னு கேட்டா, நீ ஒரு வார்த்த மாத்தாம சொல்ல முடியுமா? முடியும்னா போ. நானே கூட வரேன்."

சின்னம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "முடியாதும்மா" என்றார்.

நாங்கள் போகவில்லை. மறுநாள் காலை சித்தப்பா 15999, தாலியான் காசே எண்ணுக்கு அழைத்து, தெரிந்ததைச் சொல்லி, அந்தத் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். அந்த எண் அதன்பின் அணைந்துவிட்டது. அந்தக் குழந்தை என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. இப்போது அவள் தவழ ஆரம்பித்திருப்பாள் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். சின்னம்மா அதைவிட அதிகமாக நினைப்பார். நாங்கள் செய்தது சரி என்றுதான் நம்புகிறேன். சரியானதைச் செய்த பிறகும் மனம் லேசாகிவிடும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

கர்ணனை நினைத்துப் பாருங்கள். ராதையும் அதிரதனும் அவனுக்குக் கொடுத்த அன்பில் குறை இல்லை. கடைசிவரை அவன் ராதேயன்தான். அவனை உடைத்தது தத்து இல்லை. குந்தி உண்மையை இவ்வளவு தாமதமாக, யுத்தத்துக்கு முன்னால், ஒரு காரியத்தோடு வந்து சொன்னதுதான் அவனை உடைத்தது. 'புள்ளைக்கே தெரியாது' என்று தரகர் சொன்னது சின்னம்மாவுக்கு வரமாகக் கேட்டது. பாட்டிக்கு அது சாபமாகக் கேட்டது.

சின்னம்மாவும் சித்தப்பாவும் சமூகநல இலாகாவில் பதிந்து காத்திருக்கிறார்கள். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், சம்பளச் சீட்டு வாங்கிப்போனார்கள். இன்னும் அழைப்பு வரவில்லை. இந்த வருடமும் பால்குடம் எடுத்தார்கள்.

நண்பர்களே, நமக்கு இப்போது இருபது, இருபத்தைந்து வயது. நாளைக்கு உங்கள் அக்காவோ நண்பரோ இப்படி ஒரு எண்ணை நீட்டலாம். இல்லை, நீங்களே தத்தெடுக்கலாம். எடுங்கள், அதைவிட நல்லது சொல்ல எனக்குத் தெரியவில்லை. யாராவது ஒரு பெண் வயிற்றில் பிள்ளையோடு பயந்துபோய் உங்களிடம் வரலாம். அவளைத் தரகரிடம் போகவிடாமல் முதலில் உதவி கிடைக்கிற இடத்துக்குக் கூட்டிப்போங்கள். 2010இலிருந்து பெட்டாலிங் ஜெயாவில் குழந்தையைப் பாதுகாப்பாக விட்டுச்செல்லும் இடம்கூட இருக்கிறது. எதைச் செய்தாலும் அந்தக் குழந்தை ஒருநாள் கேட்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எங்கள் பாட்டி எழுபத்தைந்து வயதிலும் கேட்கிறார். போன வாரம் பாசாரில் ஒரு சீனக் கிழவி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கீரை விற்றுக்கொண்டிருந்தார். பாட்டி இரண்டு கட்டு வாங்கினார். சில்லறையை வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் பாட்டி என்று கேட்டேன்.

"பால் காசு" என்றார்.